டெல்லி வண்டி 41,000 கிலோமீட்டர், கோவை வண்டி 1,12,000: எதை நம்புவது?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுக்கும் வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். நாற்பது வயதுக்குள் ஒரு பெரிய கார் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாற்பது கடந்துவிட்டது, இப்போதுதான் கை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. கையில் 12 லட்சம் இருக்கிறது, இன்னும் 3 லட்சம் புரட்டலாம். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்.

முதலாவது, 2015 பிஎம்டபிள்யூ 320டி. டெல்லி பதிவு, இரண்டாவது ஓனர், மீட்டரில் 41,000 கிலோமீட்டர், விலை 9.75 லட்சம். மச்சானுக்குத் தெரிந்த கோவை புரோக்கர் மூலமாக வருகிறது. வீடியோவில்தான் பார்த்திருக்கிறார். "ஆக்சிடென்ட் இல்லாத வண்டி, என்.ஓ.சி. (வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று), டிஎன் நம்பர் எல்லாம் எங்கள் பொறுப்பு, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாத வாரண்டி" என்கிறாராம் புரோக்கர். இந்த வாரத்துக்குள் 25,000 அட்வான்ஸ் போட வேண்டுமாம். இரண்டாவது, கோவையில் ஒரு டாக்டர் வைத்திருக்கும் 2015 மெர்சிடிஸ் ஈ 250 சிடிஐ. ஒரே ஓனர், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, 14 லட்சம் சொல்கிறார்கள்.

மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ராத்திரி அவிநாசி ரோட்டில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்கிறாராம். வாசகரின் கேள்விகள் மூன்று: குறைவாக ஓடிய வண்டிதானே நம்பகமானது? ஜெர்மன் வண்டி 5 லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்பது உண்மையா? ஏமாந்துவிட்டால் சட்டத்தில் என்ன வழி?

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளையும் தண்ணீரில் மூழ்கிய வண்டிகளையும் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது என் தொழில். ஷோரூமில் மின்னும் வண்டியைப் பார்த்தாலும் அது இதற்கு முன் எந்த ஷெட்டில் எந்த நிலையில் நின்றிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தப் புத்தியோடுதான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில், உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. பழைய சொகுசுக் காரின் விலை குறைந்துவிடும், அதன் உதிரிப் பாகங்களின் விலை குறையாது. புதிதில் 40 லட்சத்தைத் தொட்ட வண்டியை நீங்கள் 10 லட்சத்துக்கு வாங்கலாம். அதன் ஹெட்லைட்டும், டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரும் 40 லட்ச ரூபாய் வண்டியின் விலையிலேயே வரும். ஆகவே "இது நின்றுபோகுமா" என்று மட்டும் கேட்டால் போதாது. நின்றால் எவ்வளவு ஆகும், அந்தப் பணம் தனியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். என் அபிப்பிராயம், எந்த வண்டியை எடுத்தாலும் குறைந்தது 2 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். அது இல்லாமல் 15 லட்சத்தையும் வண்டியிலேயே போடுவதாக இருந்தால் இந்த ஆசையை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். கோவையில் இரண்டு கம்பெனிக்கும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் இருக்கிறது, அந்த மட்டில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

41,000 கிலோமீட்டர் என்ற கணக்கு

பத்து வருடத்தில் 41,000 என்றால் வருடத்துக்கு 4,100, ஒரு நாளைக்குப் பதினோரு கிலோமீட்டர். பதினோரு கிலோமீட்டர் ஓட்டுவதற்கு ஒருவர் கூடுதல் விலை கொடுத்து டீசல் வண்டி ஏன் வாங்கினார்? அப்படி ஆட்கள் இல்லாமல் இல்லை, வீட்டில் நாலு கார் நிற்கும் குடும்பங்கள் டெல்லியில் உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது விற்பவர்.

மீட்டரைக் குறைப்பது இன்று சுலபம். எல்லா இடத்திலும் குறைப்பதுதான் கஷ்டம். இந்த பிஎம்டபிள்யூவில் ஓடிய தூரம் டயலில் மட்டும் பதிவதில்லை. வேறு கன்ட்ரோல் யூனிட்டிலும் இருக்கும், சாவியிலும் பதிவாகும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் சாவியைப் படித்தாலே ஒரு எண் வரும். சேசிஸ் நம்பரை வைத்து அவர்களுடைய கம்ப்யூட்டரில் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி உள்ளே வந்தது என்று பார்க்கலாம். 2019ல் 68,000 என்று ஒரு பில் இருந்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. கண்ணுக்குத் தெரியும் தடயங்களும் உண்டு: 41,000 ஓடிய வண்டியில் ஸ்டீயரிங் தோல் வழவழப்பாகத் தேய்ந்திருக்காது, பிரேக் பெடல் ரப்பரில் கோடுகள் மறைந்திருக்காது, டிரைவர் சீட்டின் இறங்கும் ஓரம் நொறுங்கியிருக்காது.

சரி, எண் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் நினைப்பதுபோல அது நல்ல செய்தி ஆகிவிடாது. டீசல் இன்ஜினுக்கு நீண்ட ஓட்டம் வேண்டும். சூடேறுவதற்குள் அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, டெல்லி டிராஃபிக்கில் ஊர்ந்து ஓடிய இன்ஜினில் இஜிஆர் வால்விலும் (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) காற்று உள்ளே போகும் இன்டேக்கிலும் கரி படியும். புகைக் கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் பொருத்திய வண்டியென்றால் அது எரிக்க வாய்ப்பே கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். நின்ற வண்டியில் டயர் இறுகும், ரப்பர் புஷ் வெடிக்கும், பேட்டரி போகும். டாக்டரின் வண்டி வருடத்துக்குச் சராசரி 11,000 ஓடியிருக்கிறது. பில்கள் அதை உறுதிசெய்தால் என் கண்ணுக்கு அதுதான் ஆரோக்கியமான எண்.

ஜெர்மன் வண்டி தாங்குமா?

பராமரித்தால் தாங்கும். நீங்கள் கேட்ட அந்த 5 லட்சம் கிலோமீட்டருக்குப் பின்னால் இருப்பது வேளாவேளைக்கு ஆயில் மாற்றி, சின்னச் சத்தத்துக்கே ஷெட்டுக்குப் போன ஓனர்கள். மூன்றாவது, நான்காவது கைக்கு வரும்போதுதான் இந்த வண்டிகள் கெட்டுப்போகின்றன. வாங்கும் காசு இருப்பவர்கள் பராமரிக்கும் காசு இல்லாமல் ஆயில் மாற்றும் இடைவெளியைத் தள்ளிப்போடுவதுதான் காரணம்.

இந்த இரண்டு வண்டிகளிலும் குறிப்பாகக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. 2015 320டியில் இருப்பது என்47 என்ற இன்ஜின். 2016ல் வந்த மாற்றத்தோடுதான் இங்கே இந்த மாடலுக்குப் புதிய பி47 வந்தது. என்47ல் டைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி, இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸையாவது இறக்க வேண்டும், வேலைக் கூலியே பெரிய தொகை. முந்தைய வருட வண்டிகளில் செயின் தேய்ந்து அறுந்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. பிந்தையவற்றில் குறைந்தது, அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மெர்சிடிஸின் ஓஎம்651 இன்ஜினிலும் செயின் பின்பக்கம்தான். இந்த இன்ஜினின் முதல் வருடங்களில் இன்ஜெக்டர் தகராறு பெரிதாக இருந்தது, 2015க்குள் அது ஓய்ந்துவிட்டது. அதனால் இரண்டுக்கும் ஒரே பரிசோதனை: இரவு முழுக்க நின்ற வண்டியை, காலையில் உங்கள் முன்னால் முதல்முறையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து சங்கிலி உரசுவதுபோலவோ கலகலவென்றோ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் போங்கள். வீடியோவில் இதைச் சோதிக்கவே முடியாது.

அப்புறம் கியர்பாக்ஸ். பிஎம்டபிள்யூவில் இருப்பது இசட்எஃப் கம்பெனியின் எட்டு ஸ்பீடு ஆட்டோமேட்டிக், அருமையான பெட்டி. கார் கம்பெனி அதன் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்றது. பெட்டியைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். 41,000 தான் ஓடியது என்றாலும் எட்டு வருடம் தாண்டிவிட்டதே. மெர்சிடிஸின் ஏழு ஸ்பீடு பெட்டிக்கு 1,25,000 கிலோமீட்டர் கணக்கு. டாக்டர் இன்னும் மாற்றவில்லையென்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழப்போகிறது. விலை பேசும்போது கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பிஎம்டபிள்யூ டீசல் வண்டிகளில் இஜிஆர் கூலர் கசிந்து தீப்பிடித்ததால் 2018ல் கொரியாவிலும் ஐரோப்பாவிலும் பெரிய அளவில் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த வண்டிக்கு ஏதாவது ரீகால் பாக்கி இருக்கிறதா என்று சர்வீஸில் கேட்டுவிடுங்கள். ரீகால் வேலைக்கு உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள்.

"ஆக்சிடென்ட் இல்லை" என்ற வார்த்தை

என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழுது பார்க்கும் செலவு, வண்டிக்கு இன்சூரன்ஸில் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் அதை டோட்டல் லாஸ் என்று எழுதுவோம். பத்து வயதான பிஎம்டபிள்யூவின் மதிப்பு 8 லட்சம் என்றால் எல்லை 6 லட்சம். முன்பக்கம் மோதி இரண்டு ஏர்பேக் வெடித்து, ரேடியேட்டர், ஹெட்லைட், பானட் போனால் கம்பெனி எஸ்டிமேட் அந்த 6 லட்சத்தை லேசாகத் தாண்டும். வண்டி நசுங்கியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அந்த வண்டிகள் ஆர்.சி.யோடு ஏலத்தில் போகும். யாரோ எடுத்து, பழைய பாகங்களைப் போட்டு, பெயின்ட் அடித்து, அடிபட்டது தெரியாத இன்னொரு மாநிலத்தில் விற்பார்கள். மூழ்கிய வண்டிகளும் அப்படித்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கியவை எத்தனையோ. அவை எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன என்று நம்பாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள். பெயின்ட் கனத்தை அளக்கும் மீட்டர் வைத்து ஒவ்வொரு பேனலையும் அளக்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் காட்டும், ஒரு கதவு மட்டும் 400 காட்டினால் அதற்குக் கீழே நெளிவை நிரப்பப் பூசிய பட்டி இருக்கிறது. பம்பரில் கீறலுக்குப் பெயின்ட் அடித்ததெல்லாம் குற்றமில்லை. கூரையைத் தாங்கும் தூணிலும் கூரையிலும் கனம் ஏறினால்தான் பயப்பட வேண்டும். பானட் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம், கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு வருடம், இவற்றையும் பாருங்கள். தண்ணீர் வண்டிக்கு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை நிற்கும். சீட் தண்டவாளத் துரு, கம்பளத்துக்குக் கீழே ஈரம், ஸ்பேர் டயர் குழியில் மண், இவை எல்லாவற்றையும் யாரும் முழுதாகத் துடைப்பதில்லை.

அப்புறம் பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று இருக்கும். தொடர்ந்து கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் போனால் 50. ஓனர் மாறாமல், பாலிசி இடையில் விட்டுப்போகாமல், போன வருடம் 50 இருந்து இந்த வருடம் பூஜ்யம் என்றால் இடையில் ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. அது என்ன கிளெய்ம் என்று கேட்டால் விற்பவரின் முகமே பாதி பதில் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர் ஸ்கேன் கண்டிப்பாக வேண்டும். அந்தந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் ஷெட்டில் எடுங்கள். எர்ரரே இல்லாத சுத்தமான ரிப்போர்ட் வந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். முந்தின நாள்தான் அழித்திருக்கலாம். அழித்தால் வண்டியின் சுயபரிசோதனைகள் முடியாமல் நிற்கும், ஸ்கேனர் அதையும் காட்டும். நீண்ட டெஸ்ட் டிரைவ் முடித்து மறுபடி ஒருமுறை ஸ்கேன் எடுப்பது நல்லது.

டெல்லி விலையும் டெல்லி காகிதமும்

விலை குறைவாக இருப்பதே மோசடிக்கு அடையாளம் ஆகாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் சொல்லி, உச்ச நீதிமன்றம் 2018ல் உறுதிசெய்த உத்தரவால் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்றானது. 2025ல் நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தினாலும் அங்கே சந்தை பயந்துபோய்த்தான் இருக்கிறது. அதனால் நல்ல வண்டிகளும் மலிவாக வருகின்றன. ஆனால் 9.75 லட்சம் என்பது உங்கள் முழுச் செலவு அல்ல. தமிழ்நாட்டில் ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும். நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல, வண்டியின் புது விலையை வைத்து, வயதுக்கு ஏற்ப அதைக் கணக்கிடுவார்கள். பிஎம்டபிள்யூவின் ஆலை 2007 முதல் செங்கல்பட்டு பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கோத்து டெல்லிக்குப் போன வண்டி ஊர் திரும்ப மறுபடியும் வரி கட்டுவது வேடிக்கைதான், என்ன செய்வது. திருப்பூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. நகலைக் காட்டி, இந்த வயது டீசல் வண்டியைப் பதிவு செய்வார்களா, வரி எவ்வளவு என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். 2030ல் 15 வருடம் முடியும்போது எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஆர்.சி. இன்னும் உயிரோடு இருக்கிறதா, கடன் பதிவு இருக்கிறதா, சலான் பாக்கி உண்டா என்று பாருங்கள். வேறு மாநிலத்துக்கு வர என்.ஓ.சி. (படிவம் 28), பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் நீக்க 35. "ஓனர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் இருக்கிறது" என்று சொன்னால் அது வசதி அல்ல, ஆபத்து. இடையில் இருப்பவர்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து தனி விதி இருக்கிறது: பழைய வண்டி டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும், ஓனர் வண்டியைத் தன்னிடம் ஒப்படைத்ததைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பணம் ஓனர் கணக்குக்கா, டீலர் கணக்குக்கா, புரோக்கர் கணக்குக்கா என்பதையும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் பெயர் மாற்றத்துக்கு உங்களுக்கு 30 நாள், இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாலிசி பழைய ஓனர் பெயரில் இருக்கும்போது நீங்கள் எங்காவது மோதினால் எதிராளிக்கான நஷ்டஈடு கிடைக்கும், உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கம்பெனி கைவிரித்துவிடும். மேலும் பத்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் பாலிசி) தருவதில்லை. அது இல்லாத பாலிசியில் இரும்புப் பாகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதி விலைதான் தருவோம். ஹெட்லைட் ஒரு லட்சம் என்றால் 50,000 உங்கள் பையிலிருந்து.

ஏமாந்தால் என்ன வழி?

டீலரிடம் வாங்கினால் நீங்கள் நுகர்வோர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் திருப்பூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 50 லட்சம் வரை அங்கே எடுத்துக்கொள்வார்கள், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனி பெயரில் வாங்கினால் தொழிலுக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதை ஆடிட்டரிடம் பேசும்போது சொல்லுங்கள். ஆனால் சட்டம் எழுத்தைத்தான் பார்க்கும். "ஆக்சிடென்ட் இல்லை, தண்ணீரில் மூழ்கவில்லை, மீட்டர் மாற்றப்படவில்லை" என்று சேசிஸ் நம்பரோடு பில்லிலோ ஒப்பந்தத்திலோ இல்லாவிட்டால் வாட்ஸப் குரல் பதிவை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அலைய வேண்டும். ஆறு மாத வாரண்டி என்கிறாரே, எந்தெந்த பாகம், எந்த ஷெட், அதிகபட்சம் எவ்வளவு, இன்ஜெக்டரும் டர்போவும் சேருமா, இவற்றையும் எழுதி வாங்குங்கள். டாக்டர் வியாபாரி அல்ல. அவரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் வராது, சிவில் கோர்ட்தான். அதனால் அந்த வண்டியில் முன்சோதனை இன்னும் முக்கியம்.

என் யோசனையைக் கேட்டால், டாக்டரின் வண்டியை முதலில் சோதியுங்கள். பக்கத்து ஊரில் நிற்கிறது, குளிர்ந்த இன்ஜினைக் கேட்கலாம், பில்களைச் சரிபார்க்கலாம், ஓட்டியவரோடு நேரில் பேசலாம். கோவையிலேயே அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஷெட்டில் ஸ்கேனும் லிஃப்டும் போட்டுப் பார்க்கச் சில ஆயிரம் ஆகும், யோசிக்காமல் செலவழியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 13 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள், அப்போதுதான் அந்த 2 லட்சம் மிஞ்சும். டெல்லி வண்டிதான் மனதில் நிற்கிறது என்றால் 25,000 போடுவதற்கு முன் நீங்களோ நீங்கள் அமர்த்தும் ஆளோ டெல்லி போய்ப் பார்க்க வேண்டும். அட்வான்ஸ் ரசீதில், சர்வீஸ் பதிவு பொருந்தாவிட்டாலோ என்.ஓ.சி. குறிப்பிட்ட தேதிக்குள் வராவிட்டாலோ முழுப் பணமும் திரும்பும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை எழுத புரோக்கர் தயங்கினால் மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.